வாவியின் இசையும் திரையின் ஒளியும்

மட்டக்களப்பு வாவியின் இசையைக் கேட்க விரும்பினோர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த முறை ஒன்றுண்டு. நிலவு காயும் இரவில், காற்றடங்கிய வேளையில், தோணியை வாவியின் நடுவே கொண்டு சென்று நிறுத்துவர். துடுப்பின் ஒரு முனையை நீரினுள் ஆழ்த்தி, மறு முனையிற் செவியை வைப்பர். சிறிது பொழுது யாதுங் கேளாது. பின்னர், நீரின் அடியிலிருந்து மெல்லிய ஒலிகள் பல ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து மரத்தின் வழியே செவியை அடையும். தோணியைச் செலுத்துங் கருவியே ஈண்டுக் கேட்குங் கருவியாகின்றது. ஆயின், செலுத்துதலை நிறுத்திய பின்னரே அது கேட்குந் தொழிலுக்கு உதவும். இயற்கையிடத்து எளிய அறிவைப் பெறுதல், திரையின் ஈர்ப்பினாற் கவனஞ் சிதறுதல் என்னும் இரண்டனையும் ஒப்பிட்டு ஆராய்வார்க்கு இச்சிறு செயல் நல்லதோர் அளவுகோலாகும்.

இவ்வொப்பீடு இக்காலத்திற் பலராலுஞ் செய்யப்படுவது. மரம் பொறுமையைக் கற்பிக்கும், ஆறு ஈகையைக் கற்பிக்கும், எறும்பு முயற்சியைக் கற்பிக்கும். கைத்தொலைபேசியோ இவற்றையெல்லாம் மறக்கச் செய்யும் என்பது அன்னார் வாதம். இவ்வாதம் பிழையுடையதன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. ஆறு ஈகையைக் கற்பிக்கும் என்பார் பெரும்பாலும் அதனை ஆற்றிடமிருந்து கற்றாரல்லர். ஈகை என்னும் அறத்தை நூல்வழி முன்னரே கற்று, அதனை ஆற்றின்மேல் ஏற்றிக் கூறுகின்றனர். மாரிகாலத்து வெள்ளத்தில் அதே ஆறு விளைந்த வயலை அழித்துச் செல்லும்போது அவர் கூறிய பாடம் எங்கே போயிற்று என்னும் வினாவிற்கு அவ்வாதத்தில் விடையில்லை. இன்னும் ஒன்று நோக்கற்பாலது. இத்தகைய பொதுமொழிகள் இன்று மிகுதியாகப் பரவுவது திரை வழியாகவேயாம். சூரியோதயப் படத்தின்மேற் பொறிக்கப்பெற்ற அறிவுரைகளைக் காலைதோறும் கைத்தொலைபேசியிற் கண்டு, அன்றைய சூரியோதயத்தைக் காணாது விடுவார் பலர். எனவே, இயற்கையைப் புகழும் சொல் வேறு, இயற்கையை நோக்கும் கண் வேறு என்பதை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும்.

பழந்தமிழ்ச் செய்யுள் மரபு இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தது. தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என வகுத்து, கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறையுவமம் பிறக்குமென்று கூறும். அம்மரபில் புலவன் நீர்நாயையோ நண்டையோ காட்டுவானேயன்றி அதனால் விளையும் பாடத்தை எடுத்துரைப்பதில்லை. கேட்போனே அவ்வுயிரின் இயல்பை நினைந்து, தலைவனுடைய ஒழுக்கத்தோடு பொருத்திக் கொள்ளுதல் வேண்டும். ஆகவே, உயிர்களின் வாழ்க்கையைக் கண்டறியாதான் அச்செய்யுளின் சொற்பொருளை அறிதல் கூடும். உட்பொருளை அடைதல் அரிது. இயற்கையறிவு என்பது அக்காலத்தில் இலக்கியத்துக்குப் புறம்பானதோர் அணியன்று. இலக்கியத்தைப் படித்தற்கு வேண்டிய எழுத்தறிவின் ஒரு கூறாகவே அது கொள்ளப்பட்டது.

திருக்குறளிலுங் காலமறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் கொக்கினை உவமையாக்கினார். காத்திருக்க வேண்டிய காலத்தும் செயலாற்ற வேண்டிய காலத்தும் ஒருவன் கொக்கினை ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வாவிக்கரையிற் கொக்கினைப் பொறுமையோடு நோக்கினார்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். கொக்கின் அசைவின்மை சோம்பலன்று. கழுத்து வளைந்து ஒடுங்கியிருக்கும். விழி நீரிற் பதிந்திருக்கும். கால் மட்டும் இடையிடையே அலை எழாவண்ணம் ஓரடி பெயரும். குத்தும் பொழுதோ இமைப்பொழுதுதான். நெடிய கவனமும் குறுகிய செயலும் ஓருடலில் அமைந்த நிலை அது. வள்ளுவர் கூறியது எளிய கருத்துத்தான். ஆயினும் அவ்வெளிமை நோக்குதலின் தொடக்கத்தில் கிடைப்பதன்று. நோக்குதலின் முடிவிற் கிடைப்பது. இயற்கை எளிய அறிவைத் தரும் என்னுங் கூற்று இப்பொருளிலேயே உண்மையாகும்.

இக்கருத்தை ஆராய்தற்குக் கொக்கட்டிச்சோலையும் அதனைச் சூழ்ந்த நாடும் பொருத்தமான இடங்களாகும். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி இந்நாட்டை இருகூறாக்குகின்றது. கடலை அடுத்த கிழக்குக் கரை எழுவான்கரை. வயலும் காடும் சார்ந்த மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் இரு கரைகளுக்குப் பெயராயின. இப்பெயர்களை வழங்குவார் தாம் நிற்கும் இடத்தை வானத்தைக் கொண்டே குறிக்கின்றனர். இன்று கைத்தொலைபேசியின் நிலப்படம் ஒருவனை எப்போதும் நடுப்புள்ளியாக வைத்து, அவன் திரும்புந் தோறும் உலகத்தைத் திருப்பிக் காட்டுகின்றது. எழுவான், படுவான் என்னும் பெயர்களோ மனிதனை நடுவில் வைப்பனவல்ல. அவன் ஞாயிற்றை நோக்கித் திரும்புதல் வேண்டும். இரண்டும் வழி காட்டுவனவே. எனினும் அவை பழக்கும் மனநிலை வேறு.

படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை கொக்கட்டி மரத்தாற் பெயர் பெற்ற ஊர். அங்கு எழுந்தருளியிருக்கும் தான்தோன்றீச்சரர் கோயிலைப் பற்றி வழங்கும் ஐதிகம் யாவரும் அறிந்தது. தேன் எடுத்தற்காக வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்டினான்; வெட்டிய இடத்திற் குருதி பெருகியது; அவன் அஞ்சி நின்று, தன் ஆடையினால் அவ்விடத்தை மூடினான்; அங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்பர். இக்கதையைச் சமய வரலாறாகக் கொள்வாருங் கொள்ளாதாரும் ஒன்றைக் கவனித்தல் தகும். கதையின் திருப்பம் இறைவன் வெளிப்பட்டதில் மட்டுமன்று, வெட்டிய கை நின்றதிலும் உள்ளது. வேடன் காட்டை அறியாதவனல்லன். தன் தொழிலில் விரைந்தவன். விரைவில் நின்ற அந்தக் கணமே அவன் மரத்தை முதன்முறையாகக் கண்ட கணமாகும். துடுப்பினை நிறுத்தியவன் வாவியைக் கேட்டது போலவே கோடரியை நிறுத்தியவன் மரத்தைக் கண்டான்.

உழவரிடத்தும் இவ்வொழுங்கு இருந்தது. படுவான்கரையில் நெற்பயிரே வேளாண்மை எனப்படும். களவெட்டியிற் சூடு மிதிக்கும்போது வழக்கமான சொற்களை விடுத்துத் தனிச்சொற்களையே பேசுதல் பழைய மரபு; ஆங்கே நெல்லைப் பொலி என்பர். பெயரை மாற்றிக் கூறவேண்டியிருத்தலின் ஒவ்வொரு சொல்லும் எண்ணிப் பேசப்பட்டது. அச்சமும் பத்தியும் அவ்வழக்கத்திற்குக் காரணமாயிருக்கலாம். எனினும் அதன் பயன், விளைந்த நெல்லின் முன் மனம் பராமுகமாயிராமையே. தி. சதாசிவ ஐயர் பதிப்பித்து 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு இத்தகைய வாழ்வோடு இயைந்த பாடல்களை அழியாது காத்த தொகுதியாகும்.

வாவியின் இசைக்கு மீள்க. அதனைக் கேட்டு எழுதிய பிறநாட்டாருட் குறிப்பிடத்தக்கவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த அவர் 1848 இல் மட்டக்களப்புக்கு வந்து, நிலவிரவில் தோணியிற் சென்று அவ்வொலிகளைக் கேட்டார். 1859 இல் வெளியான தம் நூலில் அவற்றைப் பல நுண்ணொலிகளின் கூட்டமாக விவரித்தார். மீனவர் அவை ஊரியிலிருந்து எழுவன என்று அவரிடங் கூறினர். ஊரார் வழக்கிலோ பாடும் மீன் என்னும் பெயரே நிலைத்தது. ரெனன்றின் விவரிப்பு மெச்சத்தக்கது. ஆயினும் அவர் ஒரு விருந்தினர். வந்தார், கேட்டார், வியந்தார், எழுதினார்.

அதே இசை சுவாமி விபுலானந்தரிடத்து விளைத்த பயன் வேறு. 1892 இற் காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞானம் பயின்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். வாவியின் இசையை நீரரமகளிர் என்னுந் தலைப்பிற் செய்யுளாக்கினார். அவர் அதனைக் கேட்டு வியந்ததோடு அமையவில்லை. மறைந்துபோன யாழ் என்னுங் கருவியின் அமைப்பினையும் பழந்தமிழ் இசையின் சுருதிகளையும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு, கணிதமுறையால் ஆராய்ந்து நிறுவப் பல்லாண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு ஆனி மாதத்தை ஒட்டித் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய சமாதி, அவர் வளர்த்த கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில், அவ்வாவிக்கு அண்மையிலேயே உள்ளது.

வாவியின் இசையே யாழ்நூலுக்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். செவிப் பயிற்சியும் நூற் பயிற்சியும் கணிதப் பயிற்சியும் ஒன்றுகூடியே அந்நூலை ஆக்கின. ஆயினும் ஒன்று தெளிவு. மெல்லிய ஓர் ஒலிக்காகக் காத்திருக்கப் பழகிய செவியே, அறுந்துபோன நரம்பின் ஒலியையும் ஏட்டின் வரிகளிடையே கேட்கவல்லதாகும். இயற்கை அவருக்கு அறிவுரை கூறவில்லை, கவனத்தைப் பயிற்றியது. இயற்கையையும் விஞ்ஞானத்தையும் பகையெனக் காட்டுவார்க்கு அவர் வாழ்க்கையே மறுப்பாகும்.

மேலைநாட்டில் இயற்கையோடு வாழ்ந்தமைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படும் ஹென்றி டேவிட் தோரோவின் செய்தியும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. அவர் 1845 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி முதல் இரண்டாண்டும் இரண்டு மாதமும் வால்டன் குளக்கரையிற் சிறு குடிலில் வாழ்ந்தார். இயந்திர நாகரிகத்தை வெறுத்துக் காடு புகுந்தவர் என்று அவரைக் கருதுவார் பலர். உண்மை அத்துணை எளிதன்று. அக்குளத்தின் ஓரமாகவே இருப்புப்பாதை சென்றது. புகைவண்டியின் ஓசையையும் அவர் கூர்ந்து கேட்டு எழுதினார். பின்னர், புதிதாக நாட்டப்பெற்ற தந்திக் கம்பிகள் காற்றில் இசைப்பதைக் கேட்டு, தந்திக் கம்பத்திற் செவியை வைத்து நின்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். வாவியிலே துடுப்பிற் செவி வைத்த மீனவனும் சாலையோரத்துத் தந்திக் கம்பத்திற் செவி வைத்த தோரோவும் ஒரே செயலைச் செய்தனர். ஒருவன் கேட்டது இயற்கையின் ஒலி. மற்றவர் கேட்டது இயந்திரத்தின்மேல் இயற்கை எழுப்பிய ஒலி. எனவே, கருவி இயற்கையானதா செயற்கையானதா என்பது முடிந்த வினாவன்று. கருவி மனிதனை ஒரு பொருளிடத்து நிற்கச் செய்கின்றதா, நில்லாது பெயரச் செய்கின்றதா என்பதே வினா.

இவ்வினாவினைத் திரையின்முன் வைத்தல் வேண்டும். 1971 ஆம் ஆண்டிலேயே, கணினி வீடுதோறும் நுழைவதற்கு முன்னரே, ஹேர்பட் சைமன் என்னும் அறிஞர், செய்தி பெருகுமிடத்துக் கவனம் வறுமையுறும் என்னுங் கருத்தினை வெளியிட்டார். செய்தி எதனை உண்டு வாழ்கின்றது எனின், அதைப் பெறுவாருடைய கவனத்தை உண்டே வாழ்கின்றது என்பது அவர் விளக்கம். 2006 இல் ஆசா றாஸ்கின் என்பார், பக்கம் முடியாது மேன்மேலும் விரியும் அமைப்பினை உருவாக்கினார். அதன் விளைவைக் கண்டு பிற்காலத்தில் அவரே வருந்தினார். நூலுக்கு இறுதிப் பக்கமுண்டு, வாவிக்குக் கரையுண்டு, பகலுக்கு அந்தியுண்டு. முடியாத பக்கத்துக்கு இவற்றுள் யாதுமில்லை. ஆண்டுப் பார்வையாளன் மணிக்கணக்காகத் திரையிடம் நிற்கின்றான். ஆயினும் திரையிலுள்ள எப்பொருளிடத்தும் நிற்பதில்லை. ஒரு கொக்கின் படம் தோன்றும். அது மீனைக் குத்துங் கணம் மட்டுமே காட்டப்படும். அடுத்த கணம் வேறொன்று. கொக்கு காத்திருந்த நாழிகை வெட்டி நீக்கப்பட்டது. வள்ளுவர் உவமையின் முற்பாதி அங்ஙனம் நீங்கியொழிய, பிற்பாதி மட்டும் ஆயிரம் முறை காட்டப்படுகின்றது.

றேச்சல் கப்லன், ஸ்ரீபன் கப்லன் என்னும் உளவியலாளர் 1989 இல் வெளியிட்ட நூலிற் கவனத்தை இருவகையாகப் பிரித்துக் காட்டினர். முயன்று ஒருமுகப்படுத்துங் கவனம் விரைவிற் களைப்புறும். இலையசைவு, நீரலை, முகிலோட்டம் போன்றவை வருத்தாது ஈர்க்குங் கவனமோ அக்களைப்பை நீக்கும் என்பது அவர் கொள்கை. திரையும் முயற்சியின்றி ஈர்ப்பதே. எனினும் அலை மனத்திற்கு இடம் விட்டு ஈர்க்கின்றது. திரை இடம் விடாது ஈர்க்கின்றது.

இத்துணையுங் கூறியபின் மறுதலை வாதத்தையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். கொக்கட்டிச்சோலையை அமைதியின் உறைவிடமாக மட்டுங் காட்டுதல் அவ்வூருக்கு இழைக்கும் அநீதியாகும். 1987 இலும் 1991 இலும் அங்கே பொதுமக்கள் பலர் படுகொலை செய்யப்பட்டனர். வாவியும் வயலும் அன்றும் அழகாகவே இருந்தன. அவை எவரையுங் காக்கவில்லை. அந்நாட்களில் ஊரின் நிசப்தம் அச்சத்தின் நிசப்தமாயிருந்தது. அதனை அறிந்தாரிடத்துச் சென்று மௌனத்தின் பெருமையைப் பேசுதல் தகாது. இன்று மத்திய கிழக்கு நாடொன்றிற் பணிபுரியுந் தாய் தன் மகவின் முகத்தைக் காண்பது திரையிலேதான். 2014 இல் மண்முனைப் பாலந் திறக்கப்படுமுன், எழுவான்கரைக்குச் செல்வோர் மண்முனைத்துறையிற் பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்து நின்றனர். அக்காத்திருப்பில் வாவியை நோக்குதற்கு நேரமிருந்தது என்று புகழலாம். இரவில் நோயாளியோடு அங்கு நின்றவர் அங்ஙனம் புகழார். கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், 2021 இல், ஊவா மாகாணத்துப் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணையத் தொடர்பு பெறுதற்காகக் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறியிருந்து பாடங் கற்றனர். இயற்கையின் நடுவே அவர் தேடியது திரையை. அத்தேட்டத்தைக் கவனச்சிதறல் என்பார் யார்?

இவ்வாதம் வலியது. திரை ஒரு பாலம் என்பதை அது நிறுவுகின்றது. பாலத்தை இடித்து மீண்டும் மிதவைக்குக் காத்திருக்க வேண்டுமென எவருங் கூறார். ஆயினும் பாலம் கரை சேர்தற்கு உரியது; பாலத்தின்மீதே குடியிருத்தற்கு உரியதன்று. பாறையுச்சிப் பிள்ளைகள் ஒரு பாடத்திற்காக ஏறினர், பாடம் முடிந்தபின் இறங்கினர். அவர் நோக்கத்துக்கு எல்லை இருந்தது. தாயும் மகவும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நிற்கும் பொழுதில் திரை துடுப்பாகவே பணி செய்கின்றது. தொலைவிலுள்ளதைச் செவிக்குக் கொண்டு வருகின்றது. எல்லையற்ற பக்கத்தினுள் அதே திரை அலையும்போதே துடுப்புத் தன் இரண்டாந் தொழிலை இழக்கின்றது. ஆதலின் குற்றம் கண்ணாடித் தகட்டின்மேல் முற்றுஞ் சார்வதன்று. அதனை நிறுத்தவியலாதபடி அமைத்தோர்மேலும் நிறுத்தக் கற்பியாத கல்வியின்மேலுஞ் சார்வதாகும்.

கல்வியுலகிற்கு இதனால் நேரும் இழப்பு உடனே கண்ணுக்குப் புலனாவதன்று. அகப்பாடல் ஒன்றன் பொருளைத் தேடும் மாணவன் இன்று கணப்பொழுதிற் பொழிப்புரையைத் திரையிற் பெறுகின்றான். பரீட்சைக்கு அது போதும். ஆயின் உள்ளுறை என்பது பொழிப்பிற் கிடைப்பதன்று. நீர்நாயையும் நண்டையும் நெய்தற் பூவையும் கண்ட நினைவிலிருந்து வாசகனே கறந்து கொள்ள வேண்டியது. அந்நினைவு இல்லாதவிடத்துச் சங்கச் செய்யுள் அகராதிச் சொற்களின் அடுக்காகிவிடும். வாவியின் கரையிலேயே வளர்ந்த பிள்ளை கொக்கினைப் படத்திற் கண்டு பாடத்தை மனனஞ் செய்வானாயின், இழந்தது இயற்கை மட்டுமன்று, தமிழுமாகும். ஆசிரியர் மாணவரை ஒரு முற்பகல் வாவிக்கரைக்கு அழைத்துச் சென்று, யாதும் எழுதப் பணியாது ஒரு பறவையை அரைமணி நேரம் நோக்கச் செய்து, அதன்பின் அக்குறளைக் கற்பிப்பாராயின், அம்முற்பகல் வீணானதாகாது. அன்று மாலை அதே மாணவர் அப்பறவையின் பெயரையும் இனத்தையும் கைத்தொலைபேசியிற் தேடுவாராயின் அதுவும் நன்றேயாம். நோக்கியபின் தேடுதல் அறிவினை வளர்க்கும். தேடியதோடு அமைந்து நோக்காது விடுதல் அறிந்ததுபோன்ற மயக்கத்தையே வளர்க்கும்.

வாவியின் ஒலியை இன்று பதிவு செய்தலுங் கூடும். எவரும் எவ்விடத்திருந்தும் அதனைக் கேட்கலாம். அஃது இகழத்தக்கதன்று, விஞ்ஞானம் பயின்ற விபுலானந்தர் அத்தகைய பதிவைப் பெற்றிருப்பின் விருப்போடு ஆராய்ந்திருப்பார். ஆயினும் பதிவில் ஒலி உடனே எழுகின்றது. தோணியில் இருப்பவனுக்கோ முதலிற் கேட்பது தன் மூச்சு; அதன்பின் தோணியின் பக்கத்தில் மோதும் சிற்றலை; அதன்பின் தொலைவிலுள்ள கரையின் ஓசை. அவையெல்லாம் ஒவ்வொன்றாய் அடங்கிய பின்னரே நீரடியின் மெல்லொலி செவிப்படும். சில இரவுகளில் அதுவுங் கேளாது. கேளாத இரவிலும் துடுப்பை நிறுத்தியிருந்தவன் வெறுங்கையோடு கரை திரும்புவதில்லை. கேட்கும் வண்ணம் அடங்கியிருக்க அவன் ஓரிரவு பழகியிருப்பான்.